எழுப்ப மனம் வரவில்லை

பிப்ரவரி 21

முதல் ஷிஃப்டுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் மட்டும் பஸ்ஸிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது, இன்னும் என்னோடு ஒத்துழைக்கவில்லை. நீயும் வாலுவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் தோள்பட்டை வலி எப்படி?

நேற்றுத்தானே போன் செய்தார், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நேற்று நாம் பேசிய அழகை நினைத்துப் பார். "சொல்லு" என்றேன். "நீங்க சொல்லுங்க" என்றாய். "சாப்டியா?" என்றேன். "ம்" என்றாய். அப்புறம் இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் நம் மகள் போனைப் பிடுங்கி, "அப்பா, நீங்க ரெண்டு பேரும் மூச்சு விடுறதுக்கு நான் எதுக்கு சார்ஜ் போடணும்?" என்றாள். வாலு என்று பெயர் வைத்தது வீண்போகவில்லை.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நீ முதல் ஷிஃப்ட் முடித்து வெளியே வர, நான் இரண்டாம் ஷிஃப்டுக்கு உள்ளே போக, ஃபேன் கம்பெனி கேட்டில் சாவியைக் கைமாற்றிக் குடும்பம் நடத்தியவர்கள் நாம். பிள்ளை தனியாக இருக்கக் கூடாது என்று ஆரம்பித்தோம், அவள் வளர்ந்த பிறகும் மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. நான் திரும்பும்போது நீ தூங்கியிருப்பாய், நீ கிளம்பும்போது நான் தூங்கியிருப்பேன். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்பதுதான் நம் வீட்டுச் சட்டம். சொல்ல வேண்டியதையெல்லாம் சமையலறைப் பலகையில் சாக்பீஸால் எழுதிவைத்தோம். நமக்குப் பேச வராது, எழுதத்தான் வரும்.

வேலை ஒரு பெரிய கிடங்கில். ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்தபடி எதையாவது கேட்கிறார்கள், நான் தள்ளுவண்டியோடு நடந்துபோய் அதை எடுத்துவருகிறேன். கையில் ஒரு கருவி கட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் நின்றால் கத்துகிறது. உன் ஞாபகம் வருகிறது.

தங்கியிருக்கும் அறையில் ஆளுக்குப் பாதிக் கட்டில். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் என் கட்டிலில் வேறொருவர் தூங்குகிறார். அவரை இன்னும் பார்க்கவில்லை. தலையணையில் பள்ளமும் தைல வாசனையும் மட்டும் பழக்கம்.

கிளம்பின அன்று விடிகாலையில் நீ அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்ப மனம் வரவில்லை. பலகையில் எழுதியதைப் பார்த்திருப்பாய்.

வாலுவுக்கு என் முத்தம். வேண்டாம் என்பாள், கொடுத்துவிடு.

இப்படிக்கு,
இரண்டாம் ஷிஃப்ட்

---

மார்ச் 9

என்னங்க,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் கையில் வைத்துக்கொண்டு, "கடுதாசியா? கடுதாசியேதானா?" என்று ஆச்சரியப்பட்டார். இந்தத் தெருவில் பில்லைத் தவிர வேறெதையும் கொடுத்து வருஷக்கணக்கில் ஆகிறதாம். யாரிடமிருந்து என்று வேறு கேட்டார். வீட்டுக்காரர் என்று சொல்ல எனக்கு ஏன் வெட்கமாக இருந்ததோ தெரியவில்லை.

நாங்கள் சுகம். கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றாமல் இருந்து இருந்து தோள்பட்டை வலி போய்விட்டது. வலி போனதும் ஏதோ நகையைத் தொலைத்த மாதிரி இருக்கிறது. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கொடுக்க மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

கம்பெனி மூடிய ஊரின் நிலவரம் கேளுங்கள். கேன்டீன் மாஸ்டர் கடைத்தெரு முனையில் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறார். இத்தனை வருஷமும் ஒரு தொழிற்சாலைக்கே சமைத்த கை, பத்துப் பேருக்குச் சமைக்க வரவில்லை. தினமும் அண்டா நிறைய மிச்சம். மாலையில் தெருத்தெருவாக வந்து, "வீணாப் போகுதும்மா, வாங்கிக்கோங்க" என்று கெஞ்சுகிறார். வியாபாரம் நஷ்டம், ஆனால் இந்தத் தெருவில் ஒருவரும் பட்டினி இல்லை. யூனியன் தலைவர் இன்சூரன்ஸ் ஏஜென்டாகிவிட்டார். "தோழர்களே" என்று ஆரம்பித்து பாலிசியில் முடிக்கிறார். ஸ்டோர் கீப்பர் பள்ளி வேன் ஓட்டுகிறார். ஒவ்வொரு பிள்ளையையும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் இறக்கிவிடுகிறாராம். வேலை போகாத ஒரே ஆள் வாட்ச்மேன். உள்ளே ஒன்றுமே இல்லாத தொழிற்சாலைக்கு முன்னைவிடக் கண்டிப்பாகக் காவல் காக்கிறார்.

சிரிக்க வைக்கிறவர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். பெயின்ட் பிரிவில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். எதிர்வீட்டு ஃபிட்டர் வாசலுக்கே வருவதில்லை. அவர் மனைவி, "தூங்குறாரு" என்கிறாள். எப்போது கேட்டாலும் தூங்குகிறார்.

பலகையைப் பார்த்தேன். "போய் வருகிறேன். பால் காய்ச்சியாச்சு." இவ்வளவுதான் எழுதியிருந்தீர்கள். அழிக்கவில்லை. நான் அயர்ந்து தூங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். சரி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஷிஃப்ட்

---

மார்ச் 26

முதல் ஷிஃப்டுக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன். பொய் இல்லை, ஒரு நாள் கொடுத்தேன். நீங்கள் இருவரும் எப்படி? வாலு படிக்கிறாளா, படிப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறாளா?

உன் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். எல்லாம் புரிகிறது, கடைசியில் ஒரு "சரி" போட்டிருக்கிறாயே, அது என்ன சரி? பலகையிலும் இப்படித்தான் எப்போதாவது ஒரு "சரி" போடுவாய். அன்றைக்கெல்லாம் சாப்பாட்டில் உப்பு கூடுதலாக இருக்கும்.

இந்த அறையில் ஒரு ஃபேன். வந்த நாளிலிருந்து ஆடிக்கொண்டே சுற்றியது. நான் பேலன்ஸ் பிரிவில் இருந்தவன், அதன் கீழே எப்படித் தூக்கம் வரும்? ஒரு வாஷரைத் தேடி எடுத்து, ஒவ்வொரு இறக்கையாக ஒட்டிப் பார்த்து, ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். மறுநாள் தலையணைமேல் ஒரு சீட்டு. "ஃபேனை சரி பண்ணினது நீங்களா அண்ணே? இன்றுதான் தூங்கினேன்." என் பாதிக் கட்டில்காரர்! நானும் பதில் எழுதிவைத்தேன். இப்போது தினமும் சீட்டுப் போக்குவரத்து. அவர் ஒரு பேங்க் காசாளராம். அவர் செய்த வேலையை இப்போது மெஷின் செய்கிறதாம். கோபித்துக்கொள்ளாதே, எனக்கு இன்னொரு சம்சாரம் அமைந்துவிட்டது மாதிரிதான் இருக்கிறது. முகம் பார்க்காமல் குடும்பம் நடத்துவது எனக்குப் பழகின விஷயமாயிற்றே.

கம்பெனி மூடி நாம் இருவரும் வீட்டில் இருந்தோமே, அந்த நாலு மாதத்தை நினைத்துக்கொள்கிறேன். சர்க்கரை டப்பாவுக்காகச் சண்டை போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ அடுப்புக்கு இடப்பக்கம் வைப்பாய், நான் வந்து வலப்பக்கம் மாற்றுவேன். கல்யாணமான நாளிலிருந்து இது நடந்திருக்கிறது, ஆனால் ஆளுக்கொரு நேரத்தில் நடந்ததால் இருவருக்கும் தெரியவில்லை. ஒரே நேரத்தில் டப்பாமேல் கை வைத்த அன்றுதான், "அப்ப நீங்கதானா அது?" என்றாய். நான் வாலு என்றே நினைத்திருந்தேன். நீ பாத்திரம் கழுவும்போது பாடுவாய் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நன்றாகத்தான் பாடுகிறாய். அப்போதே சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் ஷிஃப்ட்

---

ஏப்ரல் 19

என்னங்க,

இருவரும் சுகம். பதில் தாமதமானதற்கு நான் மாணவியானதுதான் காரணம். வேலை போனவர்களுக்கு மறுபயிற்சி என்று வகுப்பு நடத்துகிறார்கள். பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு நம் வாலுவைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. முதல் நாளே ஒவ்வொருவரையும் எழுப்பி, "உங்க பலம் என்னன்னு சொல்லுங்க" என்றாள். கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்த எங்கள் கியூ.சி. அம்மா எழுந்து, "தப்பு கண்டுபிடிப்பேன்" என்றார். "அதைக் கொஞ்சம் நல்ல விதமாச் சொல்லுங்களேன்" என்றாள் அந்தப் பெண். கியூ.சி. அம்மா யோசித்துவிட்டு, "நல்லாத் தப்பு கண்டுபிடிப்பேன்" என்றார். வகுப்பே சிரித்தது, அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். நல்ல பெண்தான். என் முறை வந்தபோது எனக்குப் பேச வரவில்லை. எழுந்துபோய் அவள் பின்னால் இருந்த போர்டில், "காயில் கட்டத் தெரியும்" என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பழக்கதோஷம்.

வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது பேச்சு வந்தது. ஊரில் மோட்டார் எரிந்துபோனால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். காயில் கட்டத் தெரிந்தவர்கள் நாங்கள் நாலு பேர் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கடைத்தெருவில் மூடிக் கிடக்கும் போட்டோ ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்துவிட்டோம். பின்சுவரில் அருவி வரைந்த திரை அப்படியே தொங்குகிறது. கழற்ற வேண்டாம் என்று கியூ.சி. அம்மா சொல்லிவிட்டார். அருவிக்கு முன்னால் உட்கார்ந்து எரிந்த மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறோம். முதல் மோட்டார் கொண்டுவந்தவர் கேன்டீன் மாஸ்டர், அவருடைய மாவு மெஷின். கூலிக்குப் பதில் ஒரு அண்டா சாப்பாடு அனுப்பினார். இரண்டு நாள் சாப்பிட்டோம்.

உங்கள் கட்டில் சம்சாரத்தை விசாரித்ததாகச் சொல்லுங்கள். அவருக்காவது சீட்டில் விளக்கமாக எழுதுகிறீர்களா, இல்லை அவருக்கும் "பால் காய்ச்சியாச்சு" தானா?

நான் பாடுவது தெரிந்தும் சொல்லாமல் இருந்தீர்களா? இனிமேல் பாட மாட்டேன்.

முதல் ஷிஃப்ட்

அப்பா, இது வாலு. அம்மா ஒட்டுவதற்குள் எழுதுகிறேன். இனிமேல் பாட மாட்டேன் என்று எழுதிவிட்டு இப்போது பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பலகையை அழிக்க விடுவதில்லை. கணக்குப் போட இடம் கேட்டேன், திட்டு கிடைத்தது.

---

மே 14

முதலாளி அம்மாவுக்கு,

நலம். முழங்காலும் நடந்து நடந்து அலுத்துப்போய் சும்மா இருக்கிறது. கடை வைத்த செய்தியைப் படித்ததும் கட்டில்காரருக்கு ஒரு நீண்ட சீட்டு எழுதினேன். "அண்ணி கெட்டிக்காரி" என்று பதில் வந்தது. எனக்குத் தெரியாதா?

ஒரு விஷயம். இங்கே சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். பட்டியலில் நான் இருக்கிறேன் என்று சூப்பர்வைசர் சொன்னார். என் கருவி கத்துவதையே மறந்துவிட்டதாம், அவ்வளவு நடக்கிறேனாம். நிரந்தரமானால் குடும்பத்தோடு தங்க வீடும் பார்த்துக்கொள்ளலாம். அல்லது இப்படியே வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகலாம். ஆகஸ்ட் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மாற்ற முடியாது.

நம் ஊரில் இனி எனக்கு என்ன இருக்கிறது என்று யோசிக்கிறேன். பேலன்ஸ் பார்த்தவனுக்கு ஃபேன் இல்லாத ஊரில் என்ன வேலை? நீ கடையை விட்டுவிட்டு வர வேண்டும் என்று சொல்ல மாட்டேன். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீ என்ன நினைக்கிறாய், எழுது.

இரண்டாம் ஷிஃப்ட்

---

ஜூன் 3

என்னங்க,

சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வாலு பரீட்சை எழுதிவிட்டாள், நன்றாக எழுதியதாக அவளே சொல்கிறாள்.

கடையில் வேலை நிறைய. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வண்டி நிறையப் பழைய ஃபேன்கள் வந்து இறங்கியிருக்கின்றன, எல்லாம் நம் கம்பெனி செய்தவை. அடியில் நம் முத்திரையைப் பார்த்ததும் கியூ.சி. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காயில் கட்டிவிட்டோம். சுற்றுகின்றன. ஆனால் ஆடுகின்றன. நோயாளி படுத்திருக்கும்போது தலைக்குமேல் ஃபேன் ஆடினால் அவருக்கு நெஞ்சுவலியும் சேர்ந்து வரும். எங்களில் ஒருவருக்கும் பேலன்ஸ் பார்க்கத் தெரியாது. தெரிந்த ஒரு ஆள் தேவைப்படுகிறது. இந்த ஒரு வண்டியோடு முடிகிற வேலையும் இல்லை. பள்ளிக்கூடத்திலும் கேட்டிருக்கிறார்கள்.

நிரந்தரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் இஷ்டம்.

முதல் ஷிஃப்ட்

---

ஜூன் 17

முதல் ஷிஃப்டுக்கு,

நலம்.

ஃபேன் விஷயம் சுலபம். ஒரு குச்சியைக் கூரைக்கும் இறக்கை நுனிக்கும் நடுவே பிடித்து அளந்து பார். எல்லா இறக்கையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இருந்தும் ஆடினால், வாஷரை ஒவ்வொரு இறக்கையிலும் வைத்துச் சுற்றவிட்டுப் பார். எதில் வைத்தால் ஆட்டம் குறைகிறதோ அதில் ஒட்டிவிடு.

ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தாய். எனக்குப் பக்கத்து மேஜையில் இருந்த மொட்டையை ஞாபகம் இருக்கும். வேலையில் கெட்டிக்காரன், சும்மாதான் இருக்கிறான். உன் கடைக்குப் போகச் சொல்லி அவனுக்கு எழுதிவிட்டேன்.

என் இஷ்டம் என்று எழுதியிருக்கிறாய். யோசிக்கிறேன்.

வாலுவை விசாரித்ததாகச் சொல்.

இரண்டாம் ஷிஃப்ட்

---

ஆகஸ்ட் 5

என்னங்க,

சுகம். இவ்வளவு நாள் எழுதவில்லை. வேலை.

மொட்டை வந்தார். நல்ல வேலைக்காரர். ஃபேன்கள் ஆடாமல் சுற்றுகின்றன. ஆள் அனுப்பியதற்கு நன்றி.

பலகையைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன். வந்த வேலைகளைக் குறிக்க ஒன்று தேவைப்பட்டது. அழித்துவிட்டுத்தான் மாட்டினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஷிஃப்ட்

---

ஆகஸ்ட் 13

என் முதல் ஷிஃப்டுக்கு,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. நீ பலகையை அழித்துவிட்டாய் என்று படித்த அன்று முழுவதும் கையில் கட்டின கருவி கத்திக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அதற்கு மறுநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தேன். யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால் மூக்குக் கண்ணாடி போட்ட, ஒல்லியான, முன்பின் தெரியாத மனிதர். தைல வாசனையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. "அண்ணே, எழுப்பிட்டேன், மன்னிச்சிருங்க. இன்னிக்கு ஊருக்கே போறேன். இத்தன நாளு உங்க தலகாணியில படுத்துட்டு, மூஞ்சியப் பாக்காமப் போக முடியல" என்றார். ஊரில் அவர் மனைவி மளிகைக் கடை வைத்திருக்கிறாளாம், அங்கே கல்லாவில் உட்காரப் போகிறாராம். "அவ கூப்பிடவே இல்லண்ணே. நானாத்தான் கேட்டேன், வரட்டுமான்னு. உடனே அழ ஆரம்பிச்சிட்டா" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

என்னை யாராவது தூக்கத்திலிருந்து எழுப்பி எத்தனை வருஷம் ஆகிறது! எரிச்சலே வரவில்லை. ஒருவருக்கு நான் வேண்டும் என்பதுபோல் இருந்தது.

அதிலிருந்து ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேலை போன அந்த நாலு மாதமும் பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேனே, நான் தூங்கவில்லை. எழுந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் படுத்திருந்தேன். நீ பூனை மாதிரி நடந்து, பாத்திரம் சத்தம் போடாமல் வைத்து, வாலுவையும், "அப்பா தூங்குறாரு, மெதுவாப் பேசு" என்று அடக்குவாய். வந்து எழுப்ப மாட்டாளா என்று காத்திருப்பேன். நீ நம் சட்டத்தை மீறவே இல்லை.

கிளம்பின அன்று நானும் மீறவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அறை வாசலில் நின்றேன். நீ எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் பையை இறக்கிவிடலாம் என்று ரொம்ப நேரம் நின்றேன். பஸ்ஸையே விட்டிருப்பேன்.

அன்று நீ தூங்கிக்கொண்டுதான் இருந்தாயா?

மொட்டையை அனுப்பியது முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது. ஆள் தேவை என்று நீ எழுதினாய். உங்களைத்தான் கேட்கிறேன் என்று எழுதவில்லை. நானாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். கேட்காத இடத்துக்கு எப்படிப் போவது என்று வீம்பு பிடித்தேன்.

வரட்டுமா?

இரண்டாம் ஷிஃப்ட்

---

ஆகஸ்ட் 19

என்னங்க,

நான் தூங்கவில்லை.

நீங்கள் பால் காய்ச்சியது கேட்டது. பலகையில் சாக்பீஸ் கீச்சிட்டது கேட்டது. எழுதிவிட்டு ஏதோ அழித்தீர்கள், மறுபடி எழுதினீர்கள், அதுவும் கேட்டது. அழித்தது என்ன என்று பல மாதம் யோசித்திருக்கிறேன். நீங்கள் வாசலில் நின்றபோது உங்கள் பையின் வார் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தேன். திறந்தால், "போகாதீங்க" என்று சொல்லிவிடுவேன். வேலை தேடிப் போகிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? எழுப்பினால் சொல்லிவிடுவது, எழுப்பாவிட்டால் விட்டுவிடுவது என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் எழுப்பவில்லை. அப்புறம் கடிதத்தில், அயர்ந்து தூங்கினாய் என்று எழுதுகிறீர்கள். எனக்கு எப்படி இருக்கும்? அந்த "சரி" அதுதான்.

நாலு மாதமும் நீங்கள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். குறட்டை இல்லாமல் நீங்கள் தூங்கியதே கிடையாது. இது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. எழுப்பி என்ன சொல்வது என்று தெரியாமல்தான் எனக்குப் பயமாக இருந்தது. "கவலைப்படாதீங்க" என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். அதனால் பாத்திரம் கழுவும்போது பாடினேன். நான் அதற்கு முன் பாடியதே இல்லை. உங்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் பாடினேன்.

மொட்டை உங்கள் கடிதத்தோடு கடை வாசலில் வந்து நின்றபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஒரு மோட்டாரையே அவர் தலையில் போட்டிருப்பேன். பாவம், அவர் என்ன செய்வார்? "அவன் வருவான்னுதாம்மா நானே நெனச்சேன்" என்றார். அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை. பெண்டாட்டி வைத்த கடையில் வேலை செய்யக் கூப்பிட்டால் உங்களுக்குத் தலைகுனிவாக இருக்குமோ என்று நான் சொல்லாமல் இருந்தேன். சொல்லாமலே வருவீர்கள் என்று எதிர்பார்த்ததும் நான்தான்.

இப்போது சொல்கிறேன். வாருங்கள். ஊருக்காக இல்லை, ஃபேனுக்காகவும் இல்லை. எனக்கு நீங்கள் வேண்டும்.

வேலையைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும். மொட்டை இருக்கட்டும், பள்ளிக்கூட வேலையும் வந்துவிட்டதால் இரண்டு பேருக்கும் இருக்கிறது. இடம் போதாமல் கடையை இரண்டு ஷிஃப்டாக ஓட்டப் போகிறோம். சிரிக்காதீர்கள். மொட்டைக்கு இரண்டாம் ஷிஃப்ட் என்று நானே பலகையில் எழுதிவிட்டேன். உங்களுக்கு முதல் ஷிஃப்ட். நான் இருக்கும் ஷிஃப்ட். கியூ.சி. அம்மா படித்துவிட்டு, "இதுல மட்டும் எனக்குத் தப்பு தெரியல" என்றார்.

பலகை கடையில்தான் இருக்கும். வீட்டில் இனி வாயால்தான் பேச வேண்டும். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். பழகிக்கொள்வோம்.

சர்க்கரை டப்பா இடப்பக்கம்தான்.

உங்கள்
முதல் ஷிஃப்ட்

---

ஆகஸ்ட் 26

என் முதல் ஷிஃப்டுக்கு,

கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். சூப்பர்வைசர், "நிரந்தரத்தை யாராவது விடுவாங்களா?" என்றார். என் சம்சாரத்துக்கு ஷிஃப்ட் மாறியிருக்கிறது என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, நான் விளக்கவும் இல்லை. கட்டிலுக்குப் புதிதாக வருகிறவருக்கு, "ஃபேன் இறக்கையில் இருக்கும் வாஷரை எடுத்துவிட வேண்டாம்" என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று பலகையில் அழித்தது என்ன என்று கேட்டிருந்தாய். "எழுந்திரு" என்று எழுதினேன். எழுதிவிட்டு, தூங்குகிறவளுக்கு இதைப் பலகையில் எழுதி என்ன பயன் என்று நானே அழித்துவிட்டேன்.

பஸ் சனிக்கிழமை விடிவதற்கு முன்பே வந்துவிடும். நீ காத்திருக்காதே, தூங்கு. வாலுவுக்கு ஒன்றும் சொல்லாதே, அவள் அலறட்டும்.

சர்க்கரை டப்பாவைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம்.

உன்
முதல் ஷிஃப்ட்

---

சனிக்கிழமை. கதவில் ஒட்டியிருந்த சீட்டு.

என்னங்க,

சாவி ஜன்னல் மேல். பால் காய்ச்சவில்லை, சேர்ந்து காய்ச்சலாம். நேற்று முழுவதும் கடையில் நின்றது அசதியாக இருக்கிறது. படுக்கப் போகிறேன். இந்தத் தடவை உண்மையாகவே தூங்கிக்கொண்டிருப்பேன்.

எழுப்புங்கள்.